‘அப்’ என்ற இரண்டெழுத்தை மனப்பாடம் செய்யாமல் பிடிப்பது எப்படி

ஆங்கிலம் ஓரளவு நன்றாகவே தெரிந்தவர்கள்கூடத் தடுக்கி விழுவது நீளமான சொற்களில் இல்லை. நீளமான சொல் என்றால் அகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே பொருள், வேலை முடிந்தது. படுத்துவதெல்லாம் குட்டிச் சொற்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 400-க்கும் மேல் பொருள். ஆனால் செட்டைவிட அன்றாடத்தில் அதிகம் குழப்புவது ‘அப்’ என்பது என் கட்சி. ஏனென்றால் அது பெரும்பாலும் தனியாக வராது, இன்னொரு வினையோடு ஒட்டிக்கொண்டு வந்து அந்த வினையின் பொருளையே மாற்றிவிட்டுப் போய்விடும். ‘கிவ்’ என்றால் கொடு, ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. கொடுப்பதற்கும் கைவிடுவதற்கும் என்ன சம்பந்தம்?

பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே, அதோடு சரி. அப்புறம் வருவதெல்லாம் பட்டியல்தான்: கால் அப், கெட் அப், கிவ் அப், கீப் அப் என்று வினைச்சொல்லின் அகர வரிசையில் பக்கம் பக்கமாக. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். பாதி மறந்துபோகும், மறக்காத மீதி ஒன்றோடொன்று கலந்துபோகும். வினையை வைத்து அடுக்குவதுதான் கோளாறு. அப் அந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்து அடுக்கினால் ஏழெட்டுக் குடும்பத்துக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும், அதிலும் பாதி நாம் தமிழில் தினமும் யோசிக்காமல் செய்கிற வேலை.

முதலில் அப்பை எடுத்துவிட்டுப் படியுங்கள்

புதிதாக ஒரு அப் கண்ணில் பட்டால் ‘மேலே’ என்று போட்டுப் பாருங்கள். ‘லுக் அப்’, அண்ணாந்து பார். ‘ஸ்டாண்ட் அப்’, எழுந்து நில். பொருந்திவிட்டால் நிற்க வேண்டாம், படித்துக்கொண்டே போகலாம். பொருந்தவில்லையா, அப்பை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மறுபடி படியுங்கள்.

‘ஹீ டிரேங்க் அப் த வாட்டர்’ என்பதில் அப்பை மறைத்தாலும் அவன் தண்ணீர் குடித்தது குடித்ததுதான். வாக்கியம் பிழைத்துக்கொள்கிறது, ஏதோ ஒரு அழுத்தம் மட்டும் குறைகிறது. ‘ஹீ கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்பதில் மறைத்தால் புகைபிடிப்பதை அவன் யாருக்கோ கொடுத்தான் என்று வந்து வாக்கியமே செத்துப்போகிறது. முதல் வகையில் வினை உங்களுக்குத் தெரிந்ததே, அப் எதைச் சேர்க்கிறது என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும். இரண்டாம் வகையில் இரண்டும் சேர்ந்து ஒரே சொல், பிரித்துப் பார்த்துப் பயனில்லை. தமிழில் ‘காட்டிக்கொடு’ மாதிரி: காட்டுவதும் தெரியும், கொடுப்பதும் தெரியும், இரண்டையும் கூட்டினால் துரோகம் வராது. அதை முழுச் சொல்லாகத்தான் தெரிந்துகொண்டோம், ‘கிவ் அப்’பையும் அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மிடம் இருக்கும் ‘விடு’

முதல் வகையில் பெரிய குடும்பம் இது. சாப்பிட்டான், சாப்பிட்டுவிட்டான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது, ஆனால் தப்பாக ஒருநாளும் பேசமாட்டோம். ‘விடு’ தனியாக வந்தால் கையிலிருப்பதை விடுவது. வினையோடு ஒட்டினால் அந்த வேலை முழுக்க முடிந்தது, மிச்சமில்லை என்று முத்திரை குத்துகிறது. ‘எழுதித் தள்ளினான்’, ‘தின்று தீர்த்தான்’ என்பவையும் இந்த ஜாதிதான், அங்கே யாரும் யாரையும் தள்ளவில்லை. ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப், க்ளீன் அப், டிரை அப், பே அப் எல்லாவற்றிலும் அப் பார்ப்பது இதே முத்திரை வேலை.

இது சும்மா அலங்காரம் இல்லை. ‘ஐ யூஸ்ட் த பேப்பர்’ என்று ஒருவர் எழுதினால் காகிதத்தைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். ‘ஐ யூஸ்ட் அப் த பேப்பர்’ என்று எழுதினால் காகிதம் தீர்ந்துபோயிற்று, யாராவது புதிதாகக் கொண்டுவர வேண்டும். பரீட்சை அறையில் ‘டைம் இஸ் அப்’ என்றால் நேரம் ஏறிவிட்டது என்று பொருளில்லை, முடிந்துவிட்டது, பேனாவைக் கீழே வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டான் என்று சொல்லலாம், பத்து நிமிடமாகச் சாப்பிட்டுவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்திலும் அப்படியே. ‘ஏட் இட் அப் இன் டென் மினிட்ஸ்’ சரி, ‘ஏட் இட் அப் ஃபார் டென் மினிட்ஸ்’ காதில் உறுத்தும். முடிந்துபோன வேலைக்கு ‘எவ்வளவு நேரத்தில்’ என்றுதான் கேட்க முடியும் என்ற கணக்கு இரண்டு மொழிக்கும் பொது.

ஆனால் இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் விடு எந்த வினையோடும் ஒட்டும்; படித்துவிட்டான், இறந்துவிட்டான், தூங்கிவிட்டான் என்று எதுவும் வரும். அப்புக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ‘ஸ்லீப் அப்’, ‘டை அப்’ என்றெல்லாம் நாமாகச் செய்துகொள்ளக்கூடாது. ‘ரீட் அப்’ என்று உண்டு, ஆனால் அதற்கு ஒரு விஷயத்தைப் பற்றித் தேடிப் படித்துத் தயாராவது என்று பொருள், படித்து முடிப்பது இல்லை. ஆகவே இந்த விடு கணக்கு படிக்கும்போது உதவும், எழுதும்போது ஏற்கெனவே கண்ணில் பட்ட ஜோடிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

மற்ற குடும்பங்கள்

அதிகமாவதற்கு அப். இதற்கு விளக்கமே வேண்டாம், விலை ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது, குரலை உயர்த்துகிறோம், நமக்கும் அதிகம் என்றால் உயரம்தான். ஸ்பீட் அப், ஹீட் அப், டர்ன் அப் த வால்யூம், ‘சியர் அப்’ எல்லாம் இங்கே. ‘லைட் அப்’ கூட, நாம் விளக்கை ஏற்றுகிறோம் இல்லையா. ‘ஸ்பீக் அப்’ மட்டும் இரண்டு இடத்தில் வரும்: சத்தமாகப் பேசு என்பது ஒன்று, வாயை மூடிக்கொண்டிருக்காமல் உன் கருத்தைச் சொல் என்பது இன்னொன்று.

கண்ணுக்குத் தெரியவருவதற்கு அப். ஷோ அப், டர்ன் அப், பாப் அப், கம் அப். நீருக்கு அடியில் இருப்பது மேலே வந்தால்தான் தெரியும், அந்த நினைப்பு. கூட்டத்துக்கு அவன் தலைகாட்டவே இல்லை என்பதற்கு ‘ஹீ டிடின்ட் ஷோ அப்’ அச்சு அசலாகப் பொருந்தும். ஒருவர் பக்கத்தில் நெருங்கிப் போவது ‘வாக் அப் டு’, முன்னால் போனவரை எட்டிப் பிடிப்பது ‘கேட்ச் அப்’, பின்தங்காமல் கூடவே போவது ‘கீப் அப்’. இவையும் இதன் சொந்தக்காரர்கள். ‘பிரிங் அப்’ என்பதை இங்கேயே பார்த்துவிடலாம், அதற்கு மூன்று பொருள்: பேச்சில் ஒரு விஷயத்தைக் கிளப்புவது, வாந்தி எடுப்பது, குழந்தையை வளர்ப்பது. சம்பந்தமே இல்லாத மூன்று என்று தோன்றுகிறதா? பேச்சை எடுத்தான், வாந்தி எடுத்தான், எடுத்து வளர்த்தான். எனக்கு இது மிகவும் பிடித்த பொருத்தம்.

சேர்ப்பதற்கும் அப், சிதைப்பதற்கும் அப். ஆட் அப், சேவ் அப், பைல் அப் ஒரு பக்கம்; டேர் அப், கட் அப், ஸ்ப்ளிட் அப் இன்னொரு பக்கம். எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டும் பழைய விடு குடும்பம்தான், முழுக்கச் சேர்த்தாகிவிட்டது, முழுக்கக் கிழித்தாகிவிட்டது. இதைத் தனிக் குடும்பமாகக் காட்டும் புத்தகங்கள் தேவையில்லாமல் சிக்கலாக்குகின்றன.

மூடுவதற்கும் கட்டுவதற்கும் அப்: லாக் அப், டை அப் (இது கட்டு என்ற டை, இற என்ற டை இல்லை), ஜிப் அப், ஷட் அப். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திற என்று பொருள்படும் ‘ஓப்பன்’ என்ற சொல்லே வேரளவில் அப்புக்கு உறவு என்று சொல் வரலாறு சொல்கிறது, மூடியை மேலே தூக்கினால்தானே திறக்கும். அந்த அப்தான் இன்று எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டிருக்கிறது.

விழித்திருப்பதற்கும் இயங்குவதற்கும் அப். வேக் அப், ஸ்டே அப், வார்ம் அப், செட் அப். ‘இஸ் ஹீ அப்?’ என்றால் எழுந்துவிட்டானா என்று கேட்கிறார்கள், ‘த சர்வர் இஸ் அப்’ என்றால் சர்வர் ஓடுகிறது. நிற்கிற மனிதன் வேலை செய்கிறான், படுத்தவன் செய்யவில்லை, அவ்வளவுதான் தத்துவம்.

கடைசியாக, நிறுத்துவதற்கு அப். இதில் இரண்டுக்குப் பழைய பொருள்களின் கதை இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்துவது ‘புல் அப்’, குதிரையின் கடிவாளத்தை மேலே இழுத்தால் அது நிற்கும் என்பதிலிருந்து வந்தது. தொலைபேசியை வைப்பது ‘ஹேங் அப்’, சுவரில் மாட்டிய பழைய தொலைபேசிகளில் பேசி முடித்ததும் காதுக்குழலைக் கொக்கியில் தொங்கவிட வேண்டும். கொக்கியும் போயிற்று, குழலும் போயிற்று, கண்ணாடித் திரையில் சிவப்பு வட்டத்தைத் தொடுவதற்கும் அதே பெயர்தான் இன்னும்.

ஒரே ஜோடிக்குப் பல பொருள் என்றால்

மேக் அப், பிக் அப், ஹோல்ட் அப், புட் அப். இவைதான் ஆளைக் கொல்லும். இங்கே வினையையோ அப்பையோ முறைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘மேக் அப்’புக்குப் பின்னால் கதை, சாக்கு, பொய் என்று ஏதாவது வந்தால் இட்டுக்கட்டுவது. ‘வித்’ போட்டு ஓர் ஆள் வந்தால் சண்டைக்குப் பிறகு சமாதானம் ஆவது. ‘ஃபார்’ வந்தால் இழந்ததை ஈடுகட்டுவது. ‘மைண்ட்’ வந்தால் ஒரு முடிவுக்கு வருவது. சதவீதமோ எண்ணிக்கையோ வந்தால், ‘விமன் மேக் அப் ஹாஃப் த க்ளாஸ்’ என்கிற மாதிரி, மொத்தத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு. முகத்துக்குப் பூசுவது பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகத்தான் வரும், அதை நாம் தமிழிலேயே மேக்கப் என்று சேர்த்துக்கொண்டோம்.

‘பிக் அப்’பும் இப்படியே: பொருள் வந்தால் எடுப்பது, ஆள் வந்தால் வண்டியில் போய் அழைத்துவருவது, மொழியோ பழக்கமோ வந்தால் யாரும் உட்கார்ந்து சொல்லித்தராமல் கற்றுக்கொள்வது, ஃபோன் வந்தால் பதில் சொல்வது, பின்னால் எதுவுமே வராமல் ‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்று முடிந்தால் வியாபாரம் தேறிவருகிறது. ‘ப்ளோ அப்’ என்றால் பலூனா, கட்டிடமா, புகைப்படமா என்று பாருங்கள்: ஊதுவது, வெடிப்பது, பெரிதாக்குவது. ‘வைண்ட் அப்’ கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதில் தொடங்கி, ஒரு நிறுவனத்தைச் சட்டப்படி கலைப்பதுவரை போகும்.

‘அப் டு’ என்ற ஜோடிக்கு வினையே தேவையில்லை. ‘அப் டு டென்’ பத்து வரைக்கும். ‘இட்ஸ் அப் டு யூ’ உங்கள் இஷ்டம், உங்கள் பொறுப்பு. ‘வாட் ஆர் யூ அப் டு?’ என்பது சொல்கிற குரலைப் பொறுத்தது, நண்பன் சாதாரணமாகக் கேட்டால் என்ன செய்துகொண்டிருக்கிறாய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டால் என்ன தில்லுமுல்லு நடக்கிறது. வெறும் ‘வாட்ஸ் அப்?’ நலமா, என்ன விசேஷம் என்ற அளவில்தான்; வாட்ஸ்ஆப் செயலியின் பெயரே அதன்மீது போட்ட சிலேடை.

எழுதும்போது எங்கே வைப்பது

பொருள் புரிந்துவிட்டது, இப்போது நீங்கள் எழுத வேண்டும். ‘ஹீ ரேன் அப் எ ஹில்’, அவன் குன்றின் மேல் ஓடினான். ‘ஹீ ரேன் அப் எ பில்’, அவன் பாக்கி ஏற்றிவைத்தான். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வேறு வேறு. இரண்டாவதில் அப் வினைக்குச் சொந்தம், அதனால் பில்லைத் தாண்டி அந்தப் பக்கம் போகலாம்: ‘ரேன் எ பில் அப்’. முதலாவதில் அது குன்றுக்குச் சொந்தம், நகராது. இதிலிருந்து கிடைக்கிற விதி ஒன்றே ஒன்றுதான், ஆனால் மிகவும் முக்கியமானது. வினைக்குச் சொந்தமான அப்போடு ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ மாதிரிப் பிரதிப்பெயர் செயப்படுபொருளாக வந்தால் அது கட்டாயம் நடுவில் உட்கார வேண்டும். ‘பிக் இட் அப்’ சரி. ‘பிக் அப் இட்’ எப்போதும் தப்பு. முழுப் பெயராக இருந்தால் ‘பிக் அப் த பென்’, ‘பிக் த பென் அப்’ இரண்டும் ஓடும்.

பெயர்ச்சொல்லா வினையா என்பதில் மின்னஞ்சல்களில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பேக்கப், செட்டப், ஸ்டார்ட்டப் எல்லாம் பெயராக வந்தால் ஒரே சொல்லாகவோ நடுவில் கோடு போட்டோ எழுதலாம், அழுத்தம் முதல் பாதியில் விழும். வினையாக வந்தால் இரண்டு சொல், நடுவில் இடைவெளி, அழுத்தம் அப்பின் மேல். அதனால்தான் இறந்தகாலத்தில் ‘பேக்ட் அப்’ என்று முதல் பாதி மாறுகிறது. ‘பேக்கப்ட்’ என்று ஒரு சொல் கிடையாது.

இதுவரை சொன்னதை வைத்து ஒரு அலுவலக மின்னஞ்சலைப் பிரித்துப் பார்க்கலாம். ‘த சர்வர் வாஸ் அப் பை சிக்ஸ், பட் த டிக்கெட்ஸ் ஹேட் பைல்ட் அப். ஐ ஸ்டேய்ட் அப், க்ளீன்ட் தெம் அப் அண்ட் ரோட் இட் அப். சம்திங் எல்ஸ் கேம் அப், ஸோ ஐ வில் ஃபாலோ அப்.’ மூன்று வாக்கியத்தில் ஏழு அப், ஒன்றில்கூட யாரும் எங்கும் மேலே ஏறவில்லை. முதலாவது இயங்குகிறது, இரண்டாவது குவிந்துவிட்டது, மூன்றாவது தூங்காமல் விழித்திருந்தேன், நான்காவது தீர்த்துவிட்டேன் (தெம் நடுவில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்), ஐந்தாவது குறிப்பாக இருந்ததை முழு அறிக்கையாக எழுதிவிட்டேன், ஆறாவது வேறொன்று தலைகாட்டியது. ஏழாவது ‘ஃபாலோ அப்’. அப்பை மறைத்தால் வெறுமனே பின்தொடர்வேன் என்று நிற்கிறது, யாரை, எங்கே என்று தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கவனிப்பேன் என்பது முழு ஜோடிக்குத்தான் பொருள்.

குறிப்பேடு வைத்திருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம் என்று ஒதுக்கி, கண்ணில் படுகிற அப்பை முழு வாக்கியத்தோடு அங்கே எழுதுங்கள். எந்தப் பக்கத்திலும் சேராதவைக்குக் கடைசியில் ஒரு பக்கம் வையுங்கள், காட்டிக்கொடு வகையறா. அகராதியில் தேடும்போது ‘அப்’ என்ற பதிவுக்குப் போகாதீர்கள், வினையின் பதிவுக்குள் கடைசிப் பகுதியில் தேடுங்கள், அங்கேதான் இந்த ஜோடிகளைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

சில சில்லறைச் சிக்கல்கள்

அப்பும் டவுனும் எதிர்ச்சொல் என்று நம்பி ஏமாறாதீர்கள். ஸ்லோ அப், ஸ்லோ டவுன் இரண்டும் வேகத்தைக் குறைப்பதுதான். ‘ஐம் அப் ஃபார் இட்’, ‘ஐம் டவுன் ஃபார் இட்’ இரண்டுக்கும் நான் தயார் என்று பொருள், இரண்டாவது கொஞ்சம் பேச்சுவழக்கு. வீடு எரிந்தால் ‘பர்ன்ட் டவுன்’, காகிதம் எரிந்தால் ‘பர்ன்ட் அப்’, சரிவது எது, இல்லாமல் போவது எது என்று பார்த்தால் காரணம் புரியும்.

நாடு மாறினால் பொருளும் மாறும். பிரிட்டனில் ‘வாஷ் அப்’ என்றால் பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் கை முகம் கழுவுவது. ‘நாக் அப்’ என்பது பிரிட்டனில் கதவைத் தட்டி எழுப்புவதற்குச் சொல்லப்பட்டு வந்தது, அமெரிக்காவில் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவதற்கான கொச்சைச் சொல். அந்தப் பக்கத்து ஆளிடம் காலையில் என்னை ‘நாக் அப்’ செய்யுங்கள் என்று சொல்லிவைக்காமல் இருப்பது நல்லது. பிரிட்டிஷ் ரயில்வேயில் ‘அப் லைன்’ என்பது பெரும்பாலும் லண்டனை நோக்கிப் போகும் தண்டவாளம், வரைபடத்தில் லண்டன் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

தேவையில்லாத இடத்தில் அப் போடுவதும் உண்டு. ‘கோப் அப் வித்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், ‘கீப் அப் வித்’ காதில் ஒலிப்பதால் வந்த கலப்படமாக இருக்க வேண்டும். ‘கோப் வித்’ மட்டும்தான் சரி. ‘அப் டு’ என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவதும் தப்பு, விண்ணப்பப் படிவங்களில் அச்சிட்டே வந்தாலும்.